புல்லால் கட்டிய லயம்

“தம்பி, சொவத்துல போய் முட்டிக்காதீங்க! வாசல் அந்தப் பக்கம் இருக்குலா!”

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் அப்போது நின்றுகொண்டிருந்தது ஒரு புல்வெளியில். காலை எட்டு மணி இருக்கும், பனி இன்னும் விலகவில்லை. மூன்று பக்கமும் செம்பனை மரங்கள். நான்காவது பக்கம் ஒரு பெரிய குட்டை, அதற்கும் அப்பால் நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம். எதிரே ஒரு பழைய புகைக்கூண்டு தனியாக நின்றது. அதை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சுவர் என்று எதுவும் இல்லை.

ஆனாலும் நின்றுவிட்டேன். யாராவது அப்படிக் கத்தினால் கால் தானாக நின்றுவிடுகிறது.

அவர் புல் வெட்டும் இயந்திரத்தை முதுகில் மாட்டியிருந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, முகத்துக்கு வலைமூடி. வலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு இடது பக்கமாகக் கையைக் காட்டினார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். புல் ஒரே மட்டமாக இல்லை. தரையோடு ஒட்ட வெட்டிய இடங்களுக்கு நடுவே, ஒரு சாண் அகலத்துக்கு முழங்கால் உயரப் புல்லைக் கோடு கோடாக விட்டுவைத்திருந்தார். கோடுகள் நீளமாகப் போயின, இடையிடையே குறுக்கே மடங்கின, ஓரோர் இடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. நான்கு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது ஒரு லயம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடு, கதவு கதவாக, அறை அறையாகப் புல்லில் நின்றது.

“ஒங்க முன்னாடி இருக்கறது மூணாவது லயம். ஏழாங்கதவு வீட்டு அடுப்பங்கரையில கால வைக்கப் பாத்தீங்க,” என்றார். குறை சொல்லும் குரலில் இல்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது, பார்த்து வாருங்கள் என்கிற குரலில்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

ஈப்போவில் எனக்கு ஒரு விளம்பரப் பலகைப் பட்டறை இருக்கிறது. சாலையோரத்தில் பழுப்பு நிறத்தில் வெள்ளை எழுத்தோடு நிற்கும் சுற்றுலாப் பலகைகளில் பல என் கையால் ஆனவை. பீடோர் பக்கத்துப் பழைய இடங்களை எல்லாம் கோத்து மாவட்ட அலுவலகத்தில் ஒரு மரபுப் பாதை போட்டார்கள். ஒரு பழைய ரயில் பாலம், ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் மாடி வீடு, வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் நிலையம் என்று எட்டு இடங்கள். எட்டாவதுதான் இந்த ஏழாங்கட்டைத் தோட்டம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, லயங்களை இடித்துத் தள்ளிய பிறகு அங்கே மிஞ்சியது ஒரு புகைக்கூண்டு, ஓர் உடைந்த தண்ணீர்க் குழாய், கொஞ்சம் புல். ஒவ்வோர் இடத்துக்கும் படம் வரைந்து, இரண்டு வரி எழுதி, பலகை செய்து நட வேண்டும். நான் அளவுநாடாவை நம்புகிறவன். ஒரு பலகை அரை அங்குலம் சாய்ந்து நின்றால் எனக்கு அன்று சோறு இறங்காது. அப்படிப்பட்டவனிடம் போய் இல்லாத அடுப்பங்கரையைக் காட்டினால் எப்படி இருக்கும்?

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பலகையில் போடட்டுமா என்று கேட்டபோது ஒரே பேச்சாக வேண்டாம் என்றுவிட்டார். இங்கே போட்டாலும் கோபித்துக்கொள்வார்.

பழைய இடத்தின் புல்லை வெட்டும் வேலை அவருக்குக் குத்தகைக்கு வந்திருந்தது. வெட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள், எப்படி வெட்டு என்று யாரும் சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்த மாதிரி வெட்டினார். கோயில் இருந்த இடத்தில் சாமியை டவுனுக்குக் கொண்டுபோய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அங்கே பூட்ஸைக் கழற்றாமல் கால் வைக்க மாட்டார். லயத்தின் முன்னால் ஓடும் நீளத் தாழ்வாரத்தை அஞ்சடி என்பார்கள். அதன் வழியாகத்தான் நடப்பார், குறுக்கே போகவே மாட்டார். மழை வந்தால் மட்டும் செம்பனைக்கு அடியில் ஓடி ஒதுங்குவார். “கூரைய புல்லுல வெட்ட முடியாதுலா தம்பி,” என்பார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவர் எந்த வீட்டுக்குள்ளும் போக மாட்டார். வெட்டும்போது இயந்திரத்தோடு போவார். வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுவார், அதற்குப் பிறகு வாசலோடு சரி. யாருக்காவது வீட்டைக் காட்ட வேண்டுமென்றால் அந்த இடைவெளிவரை கூட்டிக்கொண்டுபோய், “போங்க, உள்ள போங்க,” என்று சொல்லிவிட்டுத் தான் வெளியே துண்டை உதறிக்கொண்டு நிற்பார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலக மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரர், முதல் தடவை வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பாதி வெட்டிப் பாதி விட்டிருக்கிறாயே, இது என்ன என்று கேட்டார். நம்மவர் புற்கோட்டைக் காட்டி, “டிண்டிங், பாஸ்,” என்றார், சுவர் என்று. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் சுற்றுலாப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி டிரோனோடு வந்து மேலிருந்து படம் எடுத்தார். படத்தைத் திரையில் பார்க்க எல்லோரும் கூடிவிட்டார்கள். பச்சையில் கரும்பச்சையாக லயங்கள், கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை எல்லாம் யாரோ பேனாவால் வரைந்த மாதிரி இருந்தன. அதற்குப் பிறகு அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டாவது லயத்து வாய்க்கா கொஞ்சம் கோணிப் போச்சு,” என்றார்.

படம் எப்படியோ கைப்பேசிகளில் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வர ஆரம்பித்தன. பாகான் டத்தோவிலிருந்து தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் மகளோடு வந்தார். அவர் பிறந்தது முதல் லயம், நான்காம் கதவு. நம்மவர் வாசலைக் காட்டியதும் அந்த மனிதர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“ஏம்ப்பா குனியறீங்க?” என்றாள் மகள்.

“தகரம் நெத்தியில இடிக்கும்மா,” என்றார். உள்ளே போய் நிமிர்ந்து நின்றவர் அப்புறம் அழத் தொடங்கிவிட்டார். மகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செம்பனைக் குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்மவர் வெளியே நின்று துண்டை உதறினார்.

அன்று நான் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாளே அவர் என்னிடம் கேட்டிருந்தார், “நீங்க எந்த லயம்?”

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு நான்கு வயதில் அப்பா அங்கே லயத்து வீட்டில்தான் இறந்துபோனார். காரியம் முடிந்த மாதமே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஈப்போ புந்தோங்குக்கு வந்துவிட்டாள். தோட்டத்தைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு ஞாபகம். அம்மா இடுப்பில் தண்ணீர் வாளி. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அஞ்சடி முடியவே மாட்டேன் என்கிறது, கதவுக்குப் பின் கதவு, கதவுக்குப் பின் கதவு. வாளி தளும்பி என் தலையில் தண்ணீர் விழுகிறது. அவ்வளவுதான். வீடு எது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அஞ்சாவது லயம்,” என்றாள். பிறகு டிவியை அணைத்தாள். “அங்கே இன்னும் யாருடா இருக்கா?”

அடுத்த முறை போனபோது ஐந்தாவது லயம் எங்கே என்று கேட்டேன். புல்லில் நான்குதான் இருந்தன. “அது இன்னும் வெட்டல தம்பி. அம்மாவ கூட்டி வாங்க, பாத்துக்கலாம்,” என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தெட்டு வயதில் அம்மா ஒரு கையில் குடையும் ஒரு கையில் கைப்பையுமாக, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி காரிலிருந்து இறங்கினாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். அவரும் வலைமூடியைத் தூக்கிவிட்டு நின்றார். “அக்கா,” என்றார். எனக்குப் புகைக்கூண்டின் உயரத்தை அளக்கும் வேலை இருந்தது. அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது இருவரும் குட்டைக் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். வெகுநேரம் நின்றார்கள். அம்மாவின் குடை மட்டும் ஒரு தடவை அசைந்தது.

நான் அளந்து முடித்துத் திரும்புவதற்குள் இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. உடைந்த தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் அவர் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா குடை நுனியால் இங்கே, இன்னும் கொஞ்சம், அங்கே என்று காட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய புல் மணம் நெஞ்சுவரை ஏறியது. ஒரு வாசல் திறந்தது. அம்மா அதற்குள் போய்க் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதான்டா நம்ம வீடு.”

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாத பிள்ளையின் சிரிப்பு. குழாயைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு எட்டு நடந்தால் குழாய். என் ஞாபகத்தில் அந்த நடை முடிவதே இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நாலு வயதுப் பிள்ளைக்கு எல்லாமே தூரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடத்திலிருந்து அப்பாவின் திதியை அங்கேதான் கொடுத்தோம். கருவாட்டுக் குழம்பு, சோறு, அவித்த முட்டை, பால் கலக்காத கோப்பி-ஓ ஒரு பொட்டலம். அம்மா வாழை இலையைப் போட்டுப் படைத்து, இலையைச் சுற்றித் தண்ணீர் விடுவாள். முதல் வருடம் படையல் முடிந்ததும் அவர் வழக்கம்போல வாசலில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“உள்ள வா தம்பி.”

“இருக்கட்டும்கா.”

“உள்ள வாங்கறேன்ல.”

அவர் பூட்ஸைப் பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார், அதற்கே ஐந்து நிமிடம் ஆனது. இடைவெளி வழியாக உள்ளே வந்து, எங்கே உட்கார்வது என்று தெரியாமல் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அம்மா இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் காரில் அம்மா சொன்னாள். “அவன் அப்போ தோட்டத்துல வாசக்கூட்டி. எல்லா லயத்து வாசலையும் வாய்க்காலையும் அவன்தான் கூட்டுவான். எல்லாக் கதவும் அவனுக்குத் தெரியும். ஆனா யாரும் அவன உள்ள கூப்பிட மாட்டாங்க.” தாப்பா சந்திப்பு தாண்டிய பிறகு, “நானும் கூப்பிட்டதில்லடா,” என்றாள். ரேடியோவைப் போட்டேன், அவள் அணைத்துவிட்டாள்.

இப்படி மூன்று திதி. நான்காவது வருடம் அம்மா இல்லை. சாம்பலை லூமுட்டில் கடலில் கரைத்தோம். ஒரு பிடியை மட்டும் நான் தனியாக எடுத்துக்கொண்டு வந்து அந்த வாசற்படியில், அதாவது வாசற்படி இருந்ததாக அவர் காட்டிய இடத்தில், குழி தோண்டிப் போட்டு மூடினேன். அம்மா கேட்டுக்கொண்டதுதான். அப்பா கடைசி மூச்சை விட்ட இடத்தில் அம்மாவும் ஒரு பிடி இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

அரசாங்க வேலை அரசாங்க வேலைதான். ஏழு பலகைகள் நட்டாகிவிட்டது, எட்டாவது மட்டும் நின்றது. படம் அழகாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் வேண்டும் என்று அந்தப் பெண் அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா போன நான்காம் மாதம் அவரே கூப்பிட்டார். நிலப் பிரிவின் பழைய பெட்டியில் தோட்டத்து வரைபடம் கிடைத்துவிட்டது, நகல் அனுப்புகிறேன், பொருத்திப் பார்த்துவிட்டுப் பலகையை முடித்துவிடுங்கள் என்றார்.

பட்டறையில் கணினித் திரையில், ஐந்தாவது லயத்தோடு மறுபடி எடுத்த டிரோன் படத்தை வைத்து அதன்மேல் வரைபடத்தைப் போட்டேன். முதல் லயம் பொருந்தியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் அடிக்கு அடி பொருந்தின. இரண்டாவது லயத்து வாய்க்கால் மட்டும் அவர் சொன்னபடியே கொஞ்சம் விலகியிருந்தது. ஒரு மனிதன் துடைப்பத்தோடு நடந்து நடந்து மனதில் வைத்திருந்ததை வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு அளந்ததோடு ஒத்துப்போகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஐந்தாவது லயம் பொருந்தவில்லை.

வரைபடத்தில் அது மற்ற நான்கையும் விட்டுத் தள்ளி, பள்ளத்தில் இருந்தது. இப்போதைய குட்டை இருக்கும் இடம். நெடுஞ்சாலை போட மண் தோண்டியபோது அந்த நிலத்தையே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வீடு என்று அம்மா உட்கார்ந்த இடம் வரைபடத்தில் வெறும் திடல். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம்.

அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. மூன்று வருடம் அப்பாவுக்கு யாரோ நின்ற களத்தில் சோறு வைத்திருக்கிறோம். அம்மாவின் ஒரு பிடியை வேலை வாங்கும் மண்டோர் அதட்டிய மண்ணில் புதைத்திருக்கிறேன். தெரியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அன்றே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் நான்காவது லயத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அஞ்சடி வழியாகப் போகவில்லை. சுவர்களை மிதித்துக்கொண்டு நேராகப் போனேன், மூன்று வீட்டு அடுப்பங்கரை வழியாக. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கத்தவில்லை. வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன்.

“அஞ்சாவது லயம் எங்கண்ணே இருக்கு?”

அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. குட்டையைக் காட்டினார். “அங்க. தண்ணிக்கு அடியில.”

“அப்ப எங்கம்மாவ ஏன் ஏமாத்தினீங்க?”

“அக்காவ யாரு தம்பி ஏமாத்த முடியும்?” என்றார். வலைமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அன்னிக்கி வந்த ஒடனே கேட்டாங்க, எங்க வீடு எங்கடான்னு. கரைக்குக் கூட்டிப் போயி காட்டினேன். தண்ணியில எப்படிக்கா வெட்டுறதுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாங்க. அப்பறம் கேட்டாங்க, ‘நீதானே வெட்டறே, எங்க வேணும்னாலும் வெட்டலாம்ல?’ன்னு.”

நான் குட்டையைப் பார்த்தேன்.

“வெட்டலாம்கான்னேன். ‘அப்ப கொழாய்ப் பக்கத்துல வை’ன்னாங்க.” அவர் குரல் கொஞ்சம் மாறியது. “ஒங்க வீடு அஞ்சாவது லயத்துல கடைசிக் கதவு தம்பி. தோட்டத்துலயே அதான் கொழாய்க்குத் தூரம். கல்யாணம் கட்டி வந்த நாள்லேர்ந்து தூக்கினாங்க. ஒங்கள வயித்துல வெச்சிக்கிட்டுத் தூக்கினாங்க. ஒங்கப்பா படுத்துக்கிட்டப்ப ஒரு நாளைக்கி எத்தன நடைன்னு நான் பாத்திருக்கேன். வாய்க்கா கூட்டிக்கிட்டே பாத்திருக்கேன். நான் ஒரு வாளி தூக்கிக் குடுத்திருக்கலாம். நான் தொட்ட வாளிய அப்ப யாரும் வாங்க மாட்டாங்க.”

செம்பனைக்குள் எங்கோ குலை வெட்டி விழும் சத்தம் கேட்டது.

“லயத்தையே திருப்பி வெச்சிட்டேன். கடைசிக் கதவு கொழாய்கிட்ட, மொதக் கதவு அந்தக் கடைசியில. அக்கம்பக்கத்து வீடெல்லாம் அப்படியே இருக்கு, யாரையும் பிரிக்கல. மொதக் கதவு வீட்டுக்காரங்க வந்தா என்னக்கா சொல்றதுன்னு கேட்டேன். ‘அவங்க கொஞ்ச நாள் நடக்கட்டும்’னாங்க.”

அம்மாவின் அந்தச் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அப்பா?” என்றேன்.

“அதயும் கேட்டேன் தம்பி. ‘நான் எங்க இருக்கேனோ அங்க வந்துட்டுப் போறாரு’ன்னாங்க.” பிறகு வரைபடத்தை மெதுவாக மடித்து என் கையில் கொடுத்தார். “போர்டுல ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அத போடுங்க. நான் வெட்டறத வெட்டுவேன்.”

பட்டறைக்கு வந்து வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்தேன். குழாயிலிருந்து ஐந்தாவது லயத்துக் கடைசிக் கதவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றெண்பது எட்டு நடக்க வேண்டும் என்று வந்தது. நாலு வயதுப் பிள்ளையின் ஞாபகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை. கணினியை அணைத்துவிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

பலகையில் அந்த டிரோன் படத்தைப் போட்டேன், முழு அகலத்துக்கு. அதிகாரி பார்த்துவிட்டு, பழைய வரைபடம் ஒத்துப்போகிறதா என்று கேட்டார். “நாலு லயமும் அடிக்கு அடி ஒத்துப்போகுது, புவான்,” என்றேன். ஐந்தாவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரைபடம் என் மேசை இழுப்பறையில் சுருண்டு கிடக்கிறது. வாழ்க்கையில் நான் அளவு தப்பி நட்ட ஒரே பலகை அதுதான். அதற்காக எனக்கு ஒரு நாளும் சோறு இறங்காமல் போனதில்லை.

நம்மவர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, ஒரே வாரம். எனக்குச் செய்தி வந்தது எல்லாம் முடிந்த பிறகு. குத்தகை வேறு ஆளுக்குப் போனது. புது ஆள் உட்கார்ந்து ஓட்டும் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே காலையில் எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டார். அவர்மேல் குற்றம் இல்லை. புல்லைத்தான் வெட்டச் சொல்லியிருந்தார்கள். இப்போது வருகிறவர்கள் பலகையில் இருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள், பிறகு திடலைப் பார்க்கிறார்கள், மறுபடி படத்தைப் பார்க்கிறார்கள்.

இந்த வருடத் திதிக்கு நான் தனியாகத்தான் போனேன். பனி விலகாத நேரம். மலைகள் பாதிக்கு மேல்தான் தெரிந்தன. காரை நிறுத்திவிட்டு அஞ்சடி இருந்த வழியாக நடந்தேன், மூன்றாவது லயத்தைச் சுற்றிக்கொண்டு. குழாயடியில் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். அங்கிருந்து ஆறு எட்டு நடந்து, வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூன்று இலை போட்டேன். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. மூன்றாவதை மூலையில் போடவில்லை, நடுவில் போட்டேன்.

“உள்ள வாங்கண்ணே,” என்றேன்.

சோறு வைத்து, குழம்பு ஊற்றி, கோப்பி-ஓ பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தேன். இலையைச் சுற்றித் தண்ணீர் விட வேண்டுமே என்று பார்த்தால் பாட்டில் குழாயடியில் இருந்தது. எழுந்து வாசல் வழியாக வெளியே வந்து போய் எடுத்து வந்தேன்.

போக ஆறு எட்டு. வர ஆறு எட்டு.